ராணித் தேனீக்குத் தனி மரபணு கிடையாது

மார்த்தாண்டம் அருகே ரப்பர்த் தோட்டம் ஒன்றில் தேன்பெட்டி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், மூன்று நாளைக்கு முன் ஒரு பெட்டியை இரண்டாகப் பிரித்திருந்தார். ராணி ஒரு பாதியில் தங்கிவிட்டது. மறுபாதியில் முட்டைகளும் பொடிப் புழுக்களும் அவற்றைப் பார்த்துக்கொள்ளும் பணித்தேனீக்களும் மட்டும்தான். அந்தப் பெட்டியைத் திறந்து, புழு அறையிலிருந்து ஒரு சட்டத்தைத் தூக்கி வெளிச்சத்துக்குக் காட்டினார். அடையின் நடுவே நிலக்கடலையை ஒத்த மூன்று அறைகள் துருத்திக்கொண்டு கீழ்நோக்கித் தொங்கின. வாய் மூடாத ஒன்றுக்குள் எட்டிப் பார்த்தேன். கெட்டித் தயிர்போல வெள்ளையாக ஏதோ நிறைந்திருக்க, அதில் ஒரு புழு சுருண்டு மிதந்தது. பக்கத்து அறுகோண அறைகளில் கிடந்த புழுக்களுக்கும் இதற்கும் மூன்று நாளைக்கு முன் ஒரு வித்தியாசமும் இல்லை என்றார் அண்ணன். இன்னும் சில நாளில் இது ராணியாக வெளியே வரும். அவை பணித்தேனீக்களாக வரும்.

அன்று மாலை ஊர் திரும்பும் வழியில் ஒரு கடையில் 'ராயல் ஜெல்லி' மாத்திரைக் குப்பி கண்ணில் பட்டது. சாதாரணத் தேனீயின் மரபணுவையே மாற்றி ராணியாக்கும் அமுதம் என்று அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். அந்த ஒரு வரியில் இரண்டு பிழை. மரபணு மாறுகிறது என்பது முதல் பிழை. ஒரே ஒரு பொருள் ராணியை உண்டாக்குகிறது என்பது இரண்டாவது. படித்தவர்களும் முதல் பிழையைச் செய்கிறார்கள். இரண்டாவதில் ஆராய்ச்சியாளர்களே சறுக்கியிருக்கிறார்கள்.

மாவு ஒன்று, பண்டம் பல

வீட்டில் அரைத்து வைத்த மாவு ஒன்றுதான். முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, நன்றாகப் புளித்த பிறகு ஊத்தப்பம் அல்லது குழிப்பணியாரம். பாத்திரமும் சூடும் எப்போது ஊற்றினோம் என்பதும் மாறுகின்றன, மாவு மாறுவதில்லை. இன்னொன்றும் கவனியுங்கள். ஊற்றும்வரை அது எதுவாகவும் ஆகலாம். இட்லித் தட்டில் வெந்து எழும்பிய பிறகு தோசையாக்க முடியாது. வேண்டுமானால் உதிர்த்து உப்புமா கிளறலாம்.

தேன்கூட்டில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். உலகெங்கும் அதிகம் வளர்க்கப்படும் ஐரோப்பியத் தேனீயை எடுத்துக்கொள்வோம். முட்டையிட்ட நாளிலிருந்து கணக்கிட்டால் ராணி 16 நாளில் முழு உருவம் பெற்று வெளிவருகிறது. பணித்தேனீக்கு 21 நாள். ராணி இரண்டு மூன்று ஆண்டு வாழும். தேன் திரட்டும் பருவத்துப் பணித்தேனீ ஆறு வாரம் போல வாழ்ந்தால் அதிகம். ராணியின் ஒவ்வொரு சூலகத்திலும் முட்டை உருவாகும் குழல்கள் 150-க்கு மேல். பணித்தேனீக்கு இரண்டிலிருந்து பன்னிரண்டுதான். பணித்தேனீயின் பின்னங்காலில் மகரந்தத்தைத் திரட்டி ஒட்டி வைக்கும் கூடை உண்டு, வயிற்றடியில் மெழுகுச் சுரப்பி உண்டு. ராணிக்கு இரண்டும் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு வேறு பூச்சிகள் என்றே தோன்றும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'கூட்டில் எல்லாத் தேனீக்கும் ஒரே மரபணுக்கள்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. ஆண் தேனீ கருவுறாத முட்டையிலிருந்து பிறப்பது. அதற்கு மரபுப்பொருள் பாதிதான். ராணி பல ஆண்களோடு சேர்வதால் பெண் தேனீக்களும் அச்சில் வார்த்தவை போல ஒன்றல்ல. பலர் தந்தை வேறான சகோதரிகள். சரியாகச் சொன்னால் இப்படி: கருவுற்ற எந்த முட்டைக்கும் ராணியாகவோ பணித்தேனீயாகவோ வளரத் தேவையான எல்லாமே உள்ளே இருக்கிறது.

கல்யாணச் சமையலறையின் துண்டுச்சீட்டு

அப்படியானால் உள்ளே இருப்பது எப்படி வெளியே வருகிறது? இதற்கு மாவு போதாது. கல்யாண மண்டபத்துச் சமையலறைக்குப் போக வேண்டும்.

தலைமைச் சமையற்காரரிடம் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் இருக்கிறது. அதில் பதினைந்தாயிரம் பண்டங்களின் செய்முறை. அந்த நோட்டைத் தேனீயின் டி.என்.ஏ. என்று கொள்ளுங்கள்: செல்லுக்குள் இருக்கும் நீண்ட வேதி இழை. அதில் உள்ள ஒவ்வொரு செய்முறையும் ஒரு மரபணு. தேனீயின் மரபணுக்களும் சுமார் 15,000-தான். நோட்டை யாரும் அடுப்பருகே கொண்டுபோவதில்லை. தேவையான பக்கத்தை மட்டும் ஒரு துண்டுச்சீட்டில் நகலெடுத்து அடுப்புக்கு அனுப்புகிறார்கள். அந்தச் சீட்டுக்குப் பெயர் ஆர்.என்.ஏ. அதைப் பார்த்துச் செய்யப்படும் பண்டம் புரதம். தசை, இறக்கையின் ஓடு, ஹார்மோனை ஏற்கும் வாசல் என உடலின் வேலைகளில் பெரும்பங்கைப் புரதங்களே செய்கின்றன.

எந்தப் பக்கத்துக்குச் சீட்டு எழுதப்படுகிறது, எத்தனை சீட்டு, எந்த நேரத்தில் என்பதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறோம். காலைப் பந்திக்கும் இரவுப் பந்திக்கும் நோட்டு ஒன்றே; சீட்டுகள் வேறு. நம் உடம்பிலும் கண்ணில் உள்ள செல்லும் கல்லீரலில் உள்ள செல்லும் ஒரே நோட்டை வைத்துக்கொண்டுதான் இத்தனை வேறுபட்ட வேலை செய்கின்றன.

மரபணுவுக்கு 'சுவிட்ச்' போடுவது என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் பாதிச் சம்மதம்தான். விளக்கு எரியும் அல்லது அணையும். மரபணுக்கள் பெரும்பாலும் வானொலியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுபோல நடந்துகொள்கின்றன. ராணிப் புழுவும் பணிப் புழுவும் அனேகமாக அதே பாடல்களைத்தான் ஒலிபரப்புகின்றன. எதைச் சத்தமாக, எதை முணுமுணுப்பாக என்பதில்தான் பிரிகின்றன.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: நோட்டு டி.என்.ஏ.; பக்கம் மரபணு; சீட்டு ஆர்.என்.ஏ.; பண்டம் புரதம். ராணிக்கும் பணித்தேனீக்கும் நோட்டில் வித்தியாசமில்லை, சீட்டில் வித்தியாசம்.

தீனி எப்படி உடம்பாகிறது

புழுவைப் பார்த்துக்கொள்ளும் இளம் பணித்தேனீக்களைச் செவிலித் தேனீக்கள் என்பார்கள். அவற்றின் தலையில் உள்ள சுரப்பிகளிலிருந்து வருவதுதான் நான் பார்த்த வெள்ளைக் கூழ். கடைக் குப்பியில் 'ராயல் ஜெல்லி' என்று போட்டிருந்தது இதைத்தான்; தமிழில் அரசகூழ் என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. பணித்தேனீயாகப் போகும் புழுவுக்கும் முதல் மூன்று நாள் இதைப் போன்ற கூழ்தான் கிடைக்கும். பிறகு அதில் தேனும் மகரந்தமும் சேரும். ராணிப் புழுவுக்குக் கடைசிவரை அரசகூழ், அதுவும் மிதக்கும் அளவுக்கு. ஆக, அரசகூழின் வாசனையே அறியாத புழு என்று ஒன்று கூட்டில் இல்லை.

வயிறு நிறைய உண்ட புழுவின் உடலில் 'சாப்பாடு தாராளம்' என்ற செய்தி பரவுகிறது. மூளைக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்னஞ்சிறு சுரப்பி, இளமை ஹார்மோன் என்ற பொருளைக் கூடுதலாகச் சுரக்கிறது. ஹார்மோன் என்றால் ஓரிடத்தில் சுரந்து இரத்தத்தோடு போய் வேறிடத்துச் செல்களுக்குக் கட்டளை சொல்லும் பொருள். ஒரே கட்டளையை ஒவ்வோர் உறுப்பும் தன் பாணியில் வாசிக்கிறது.

சூலகத்தைப் பாருங்கள். பணித்தேனீக்குக் குறைவான குழல்கள்தான் முளைக்கின்றன என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மை அதைவிடச் சுவையானது. தொடக்கத்தில் இரு வகைப் புழுக்களுக்கும் நிறையக் குழல்கள் அரும்புகின்றன. புழுப் பருவத்தின் இறுதியில் பணிப் புழுவின் சூலகத்தில் செல்கள் கூட்டங்கூட்டமாக மடிகின்றன. ஒரு சில குழல்களே மிஞ்சுகின்றன. ராணிப் புழுவில் இளமை ஹார்மோன் மிகுதியாக இருப்பதால் அந்தச் சாவு தடுக்கப்படுகிறது. பணித்தேனீ ராணியாகத் தொடங்கி, பாதி வழியில் இழந்தது.

ஆனால் எல்லாமே இழப்பு இல்லை. மகரந்தக் கூடை எப்படி வருகிறது? பின்னங்காலில் ஒரு பகுதி முடியே முளைக்காமல் வழுவழுப்பாக இருந்தால்தான் மகரந்த உருண்டை அங்கே உட்காரும். அல்ட்ராபைத்தொராக்ஸ் என்ற மரபணு பணித்தேனீயின் காலில் அந்த இடத்தில் உரத்து ஒலிக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் அதை அடக்கிப் பார்த்தபோது, வழுவழுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் முடி முளைத்தது. அந்த மரபணு ராணியிடமும் இருக்கிறது. காலில் அந்த இடத்தில், அந்த நேரத்தில், அந்த அளவில் அதற்குச் சீட்டு எழுதப்படுவதில்லை, கூடையும் வருவதில்லை.

இவையெல்லாம் சில நாள் வாய்ப்புக்குள் முடிந்துவிட வேண்டும். ராணி வளர்ப்பவர்கள் பிறந்து ஒரு நாள்கூட ஆகாத புழுவைத்தான் தேடி எடுத்து ராணி அறைக்கு மாற்றுகிறார்கள். புழுவான மூன்றாவது நாளுக்குப் பின் மாற்றினால் இரண்டுங்கெட்டானாக ஒரு தேனீ வரும் அல்லது முயற்சியே வீணாகும். இட்லி வெந்துவிட்டது.

ஒட்டிவைத்த பக்கங்கள்

2008-இல் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிசார்ட் மலேஷ்காவின் குழு ஒரு சோதனை செய்தது. அதைப் புரிந்துகொள்ள இன்னும் ஒரு சொல் வேண்டும்: மெத்தில் குறி. டி.என்.ஏ. இழையின்மேல் ஆங்காங்கே ஒட்டிக்கொள்ளும் மிகச் சிறிய வேதிப் பொட்டு அது. நோட்டின் எழுத்தை அது திருத்துவதில்லை. பக்க ஓரத்தில் சமையற்காரர் வைத்த மஞ்சள் விரல் அடையாளம் போல, இந்தப் பக்கத்தை எப்படிப் படிப்பது என்பதை மட்டும் பாதிக்கிறது.

இந்தக் குறியைப் புதிதாக இடும் நொதியை, அப்போதுதான் பொரித்த புழுக்களில் குழுவினர் அடக்கினார்கள். அரசகூழைக் கூட்டிக் கொடுக்கவில்லை; தீனி மற்றப் புழுக்களுக்குக் கொடுத்ததுதான். அவற்றில் 72 விழுக்காடு வளர்ந்த சூலகத்தோடு ராணிகளாக வெளிவந்தன. நொதியை அடக்காத புழுக்களில் பெரும்பாலானவை பணித்தேனீக்களாயின. தீனி செய்யும் வேலையில் ஒரு பகுதியைத் தீனியை மாற்றாமலே செய்து காட்டிவிட்டார்கள்.

இந்தச் செய்திக்குப் பிறகு, எல்லாம் மெத்தில் குறியின் மாயம் என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். அவசரம் வேண்டாம். போலிஸ்டெஸ் என்ற குளவி இனத்தில் அந்த நொதியே இல்லை. குறிகளும் மிகச் சொற்பம். அங்கேயும் ராணி உண்டு, வேலையாட்கள் உண்டு. பக்கத்தை அடையாளப்படுத்த மஞ்சள் விரல் ஒரு வழி. காகிதத்தை மடித்து வைப்பதும் ஒரு வழிதான்.

'அந்த ஒரு பொருள்' தேடிய கதை

இப்போது அட்டையின் இரண்டாவது பிழைக்கு வருவோம். 2011-இல் ஜப்பானைச் சேர்ந்த மசாகி காமகுரா, அரசகூழில் உள்ள ராயலாக்டின் என்ற புரதம்தான் ராணியை உண்டாக்குகிறது என்று 'நேச்சர்' இதழில் எழுதினார். உலகமே அதை எடுத்துப் போட்டது. 2016-இல் ஜெர்மனியைச் சேர்ந்த குழு ஒன்று அதே இதழில் மறுத்தது: அந்தப் புரதம் இல்லாத கூழிலும் ராணிகள் வளர்கின்றன.

இதற்கிடையில் 2015-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தினர் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். ராணிக்கு என்ன கிடைக்கிறது என்பதை விடுங்கள். பணிப் புழுவுக்கு என்ன சேர்கிறது? மகரந்தத்திலும் தேனிலும் கூமாரிக் அமிலம் என்ற தாவரப் பொருள் இருக்கிறது. அரசகூழில் அது இல்லை. புழுத் தீனியில் அதைக் கலந்தபோது சூலகம் சிறுத்தது. அப்படிப் பார்த்தால் ராணிக்கு அமுதம் ஊட்டுவதைவிட, கஞ்சிக்கு வெஞ்சனம் சேர்க்காமல் காப்பதுதான் முக்கியமோ என்று தோன்றுகிறது.

2020-இல் வடக்கு டகோட்டாவிலிருந்து வந்த ஆய்வு, தீனியின் தரத்தைவிட அளவே பெரிது என்று காட்டியது: எதைக் கொடுத்தோம் என்பதைவிட எவ்வளவு கொடுத்தோம் என்பது. என் கணிப்பில் ஒற்றைப் பொருளைத் தேடியதே தவறான தேடல். கல்யாணச் சாப்பாடு ருசித்ததற்குப் பெருங்காயம் மட்டும் காரணம் என்று சொல்வதுபோல அது. மாத்திரைக் குப்பிக்காரருக்கு இது பிடிக்காது.

இன்னொரு சுருக்கம்: தீனியின் அளவும் சேர்மானமும் ஹார்மோனைக் கூட்டிக் குறைக்கின்றன. ஹார்மோனும் குறிகளும் எந்தப் பக்கத்துக்கு எத்தனை சீட்டு என்பதை மாற்றுகின்றன. சீட்டுகளுக்கேற்ப உறுப்பு வளர்கிறது அல்லது அழிகிறது. டி.என்.ஏ.வின் எழுத்து ஒன்றும் மாறவில்லை.

கட்டெறும்பு வரிசையில் சிறிசும் பெரிசும்

சர்க்கரை டப்பாவுக்குப் போகும் கட்டெறும்பு வரிசையைக் குனிந்து பார்த்தால் தெரியும்; எல்லாமே பணியெறும்புகள், ஆனால் ஒரே அளவில் இருக்காது. பொடிசு, நடுத்தரம், மண்டை பெருத்தது என்று வரிசையாக இருக்கும். தேனீயில் நாம் பார்த்தது இரண்டில் ஒன்று. இங்கே படிப்படியான ஏற்றம்.

நம் கட்டெறும்பின் உறவினமான ஃப்ளோரிடா எறும்பில் மாண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தினர் இதை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். வளர்ச்சியைத் தூண்டும் ஒரு மரபணுவின்மேல் மெத்தில் குறி எவ்வளவு இருக்கிறது என்பதற்கேற்ப எறும்பின் உடலளவு அமைந்தது. புழுப் பருவத்தில் குறிகளைக் கூட்டிக் குறைத்தபோது அளவும் நகர்ந்தது. வானொலித் திருகு என்று முன்பு சொன்னேனே, அதை இதைவிட நேராகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

எறும்பில் இன்னொரு விந்தை இறக்கை. ராணி எறும்புக்குப் பிறக்கும்போது இறக்கை உண்டு. மழை விட்ட மாலையில் விளக்கைச் சுற்றி விழுபவற்றில் அவையும் உண்டு. பணியெறும்புக்கு எப்போதுமே இல்லை. ஆனால் இறக்கை செய்யும் மரபணுக்கள் அதனிடமும் இருக்கின்றன. ஒன்றையொன்று தூண்டிவிடும் அந்த மரபணுச் சங்கிலி நடுவில் எங்கோ அறுபடுகிறது. ஆராய்ச்சியாளர்கள் இஹாப் அபூஹைஃபும் கிரிகரி ரேயும் 2002-இல் காட்டியது இதுதான். அறுபடும் இடம் இனத்துக்கு இனம் வேறு என்பது கூடுதல் வியப்பு.

ஃபைடோலே என்ற இனத்துப் படைவீரர் எறும்புகளைக் கவனித்திருப்பீர்கள்: உடம்புக்குப் பொருந்தாத பெருந்தலை. இவற்றின் புழுவில் சில நாள் மட்டும் ஓர் இறக்கை மொட்டு தோன்றி, இறக்கையாகாமலே மறைந்துவிடும். பயனற்ற மிச்சம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2018-இல் அபூஹைஃபின் குழுவினர் அந்த மொட்டில் ஒரு மரபணுவை அடக்கினார்கள். தலை சிறுத்துப்போனது. ஒருபோதும் வராத இறக்கைதான் அந்தப் பெருந்தலையை வளர்த்துக்கொண்டிருந்திருக்கிறது!

எல்லாப் பூச்சியிலும் வளர்ப்பே தீர்மானிக்கிறது என்று இதை வைத்து முடிவுகட்ட வேண்டாம். மெலிபோனா என்ற கொடுக்கில்லாத் தேனீக்களிலும் சில அறுவடை எறும்புகளிலும் யார் ராணியாவது என்பதில் பிறப்பிலேயே உள்ள மரபு வேறுபாட்டுக்கும் பங்குண்டு.

வளர்ந்த பிறகும் மாறும் எறும்பு

கடைசியாக, தென்னிந்தியக் காடுகளில் வாழும் ஒரு குதிக்கும் எறும்பு. ஹார்பெக்னாதஸ் சால்டேட்டர் என்பது அதன் அறிவியல் பெயர். நீண்ட தாடையும் பெரிய கண்ணும் உடையது. இந்த எறும்பின் மரபுத்தொகுதி, அதாவது நோட்டு முழுவதும், 2010-இல் வெளியானது. அப்போதிருந்து இது ஆய்வகங்களின் செல்லப்பிள்ளை.

கூட்டில் ராணி இறந்ததும் பணியெறும்புகள் உணர்கொம்புகளால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளத் தொடங்குகின்றன. இந்தச் சண்டை 40 நாள்வரைகூட நீளும். வென்ற சில எறும்புகள் முட்டையிடத் தொடங்குகின்றன. புழுப் பருவத்தைத் தாண்டி, ஓடு இறுகி, முழுதாக வளர்ந்த எறும்புகள் இவை. அப்படியும் சூலகம் ஐந்து மடங்கு பருக்கிறது. மூளை கிட்டத்தட்ட கால் பங்கு சுருங்குகிறது. வேட்டைக்குப் போகாத எறும்புக்கு அவ்வளவு மூளை தேவையில்லை போலும். ஏழு மாதம் போல இருந்த ஆயுள் நான்கு ஆண்டுவரை நீள்கிறது. நோட்டு அதேதான், சீட்டுகள் மட்டும் மாறின.

2021-இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படி வென்று முட்டையிட்டுக்கொண்டிருந்த எறும்புகளுக்கு வண்ணப் பொட்டு வைத்து, சில வாரம் தனியே பிரித்து வைத்தார்கள். பிறகு கூட்டுக்குள் விட்டார்கள். பழைய தோழிகள் அவற்றைப் பிடித்துக் கடித்து அடக்கின. ஓரிரு நாளில் அவை பணியெறும்புகளைப் போல நடந்துகொள்ளத் தொடங்கின. சூலகம் சுருங்கியது, திறந்து பார்த்தபோது, சுருங்கியிருந்த மூளை பழைய அளவுக்கு வளர்ந்திருந்தது. வெந்த இட்லி மறுபடி மாவாகாது என்று மேலே எழுதிய வரியை இந்த எறும்பின் காதில் விழாமல்தான் சொல்ல வேண்டும்.